பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கட்டற்ற இயங்குதளங்களும் அன்றாடப் பயனரும்

கர்நாடகத்தின் ஹனூர் வட்டத்தில், மாதேஸ்வரன் மலையைத் தாண்டி, காவிரிக் காட்டோரம் இருக்கிறது கோபிநத்தம்.   இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஊரின் எல்லை வரலாறு. 1956 நவம்பர் 1-க்கு முன்பு, இந்த ஊர் அன்று அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது அது மைசூருக்குப் போயிற்று. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை இத்தனை முறை மாறியும் ஊரார் பேச்சு மாறவில்லை. கோபிநத்தத்தில் வீட்டில் பேசுவது தமிழ். அரசு அலுவலகத்தில் நீட்டும் மனு கன்னடத்தில். கணினியைத் திறந்தால் ஆங்கிலம்.

இந்த ஊரில் ஒரு மாணவியின் மேசையில் பழைய கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் அவள் செய்ய நினைப்பவை மிகச் சில: மாரியம்மன் பண்டிகைக்குத் தமிழில் ஒரு நோட்டீஸ், தாலுகா அலுவலகத்துக்குக் கன்னடத்தில் ஒரு மனு, பள்ளிக்கு ஒரு கட்டுரை, இணையத்தில் தேர்வு முடிவு, கடைசியில் இவற்றைத் தாளில் அச்செடுப்பது. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் எளிதா கடினமா என்று முப்பது ஆண்டுகளாக நடக்கும் வழக்கை இந்த மேசைக்குக் கொண்டுவந்து விசாரித்தால் விடை கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியும் லினக்ஸ் எளிமையாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பயனரைத் தோற்கடிப்பது திரைக்கு வெளியே இருப்பவை: யார் நிறுவிக் கொடுத்தார்கள், பிரிண்டர் எந்த மாடல், சிக்கினால் கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் உண்டா.

முதலில் எழுதும் வேலையைப் பார்ப்போம். இதில் கட்டற்ற இயங்குதளங்கள் பலரும் நினைப்பதைவிட நல்ல நிலையில் இருக்கின்றன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்ததுதான் தமிழ் 99 விசைப்பலகை. தமிழ்நாடு அரசு அதையே தரமாக ஏற்றது. விண்டோஸில் அது உள்ளிணைப்பாக வந்து சேர 2019 ஆயிற்று. அதுவரை விண்டோஸ் பயனர்கள் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்று தனி மென்பொருளை இறக்கித்தான் எழுதினார்கள். லினக்ஸிலோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தமிழ் 99 பட்டியலில் இருந்தது. அதே பட்டியலில் கொஞ்சம் மேலே போனால் கன்னடத்துக்கு ககப விசைப்பலகையும் இருக்கிறது. கன்னட கணக பரிஷத்தின் பெயரைத் தாங்கிய, கர்நாடக அரசு ஏற்ற அமைப்பு அது. நம் மாணவிக்கு இரண்டு மாநிலங்களின் விசைப்பலகைகளும் ஒரு பைசா செலவில்லாமல் ஒரே கணினியில் கிடைக்கின்றன. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம்.

ஆனால் அந்தப் பட்டியலிலேயே ஒரு குழியும் இருக்கிறது. தமிழ் 99 என்ற பெயரில் இரண்டு பதிவுகள் தென்படும். ஒன்று விசைப்பலகை அமைப்பு மட்டும். விசையைத் தட்டினால் அதற்குரிய எழுத்து வரும், அவ்வளவுதான். மற்றது எம்17என் என்ற உள்ளீட்டு முறை வழியாக வருவது. ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வைத்து ‘க்க’ ஆக்கித் தரும். தமிழ் 99-இன் வேகமே இந்தத் தானியங்கிப் புள்ளியில்தான் இருக்கிறது. புதியவர் பெரும்பாலும் முதல் பதிவைத் தேர்ந்தெடுப்பார், புள்ளி விழாது, ‘லினக்ஸில் தமிழ் சரியாக வருவதில்லை’ என்ற முடிவுக்கு வருவார். இரண்டாவது பதிவை, லினக்ஸைத் தொகுத்துத் தரும் வழங்கல்கள் சிலவற்றில், தனியாக நிறுவினால்தான் கண்ணில் காணலாம். இது தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டு நிமிட வேலை; இல்லாவிட்டால் அதோடு தமிழில் எழுதும் ஆசையே போய்விடும்.

இப்படிப்பட்ட குழிகள் ஏன் ஆண்டுக்கணக்கில் மூடப்படாமல் கிடக்கின்றன என்பதை டேவிட் நிக்கோல்ஸ், மைக்கேல் ட்வைடேல் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-லேயே ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். திறமூல மென்பொருளை எழுதுபவர் தனக்கு அரிக்கும் இடத்தைச் சொறிந்துகொள்கிறார். அவருக்கு அரிக்காத இடம் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. பிழையறிக்கை தருபவர்களும் அவரைப் போன்ற நிபுணர்களே. பிழையறிக்கை என்று ஒன்று உண்டு என்பதே தெரியாத கோபிநத்தத்து மாணவியின் தடுமாற்றம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. சன் என்ற கணினி நிறுவனம் 2001-இல் க்னோம் என்ற லினக்ஸ் திரைச்சூழலைச் சாதாரண ஆட்கள் கையில் கொடுத்துச் சோதித்தது. பட்டன்களின் பெயர்களும் பட்டிகளின் அடுக்கும் அவர்களைக் குழப்பியது வெளிச்சத்துக்கு வந்தது. க்னோம் பின்னாளில் எளிமையை விரதமாக எடுத்துக்கொண்டதற்கு அந்தச் சோதனையும் ஒரு காரணம். தமிழ் உள்ளீட்டுக்கு அப்படி ஒரு சோதனையை எந்தப் பெரிய நிறுவனமும் செய்து கொடுக்கவில்லை. க்னோமையும் அதுபோன்ற இன்னொரு திரைச்சூழலான கேடீஈயையும் தமிழாக்கியவர்கள் மருத்துவர்கள், பொறியாளர்கள், மாணவர்கள் எனத் தங்கள் மாலை நேரத்தைக் கொடுத்த தன்னார்வலர்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இனி வேலிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு வருவோம். கட்டற்ற மென்பொருளை அரசே கையில் எடுத்த கதை இங்கே சிறியதல்ல, ஆனால் விட்டுவிட்டுத் தொடர்வது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பல ஆண்டுகளாக இருந்தது ஸ்டார்ஆஃபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பு. மாணவர்கள் ஸ்டார்ஆஃபீஸ் ரைட்டரின் பட்டிகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதினார்கள். வெளியே வந்து கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்தால் எதிரே இருந்தது வேர்ட். ஆரக்கிள் நிறுவனம் ஸ்டார்ஆஃபீஸ் வரிசையையே 2011-இல் கைவிட்டது. நம் பாடநூல் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதைக் கற்பித்தது. 2018-இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பதினோராம் வகுப்பு நூலில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸுக்கும் இடம் கிடைத்தது. நல்ல முடிவு. ஆனால் அலுவலகத் தொகுப்பாக வந்தது ஓப்பன்ஆஃபீஸ். 2010-இல் அதிலிருந்து பிரிந்த லிப்ரெஆஃபீஸைத்தான் உபுண்டு உட்பட முக்கிய வழங்கல்கள் எல்லாம் 2011 முதல் உள்ளடக்கித் தருகின்றன. பாடநூலில் இருக்கும் பெயரும் கணினியில் இருக்கும் பெயரும் மறுபடி ஒத்துப்போகவில்லை. கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய நட்பின்மை வேறென்ன?

தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் இருந்தபோது, 2006-07 காலத்தில், அந்த அலுவலகம் விண்டோஸிலிருந்து சூசி லினக்ஸுக்கு மாறியது. பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் சூசி ஏறியது. அதே 2007-இல் மத்திய அரசின் சீ-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து பாஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. இந்திய மொழிகளுக்கென்றே உருவான, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் இயங்குதளம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸுக்கு வாழ்நாள் வாய்ப்பு கிடைத்தது: லட்சக்கணக்கான மாணவர் கைகளில் ஒரே நேரத்தில் ஒரு லினக்ஸ். ஆனால் மடிக்கணினியில் விண்டோஸும் பாஸும் இரண்டும் இருந்தன. கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். ஆசிரியருக்குத் தெரிந்தது, அண்ணனுக்குத் தெரிந்தது, ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பது எல்லாம் விண்டோஸ். பாஸுக்குப் பயிற்சி இல்லை, பாடம் இல்லை, தேர்வு இல்லை, கேட்க ஆளும் இல்லை. பழுது பார்க்கப் போன மடிக்கணினிக்கு ‘ஃபார்மட் அடித்த’ கடைக்காரர் பாஸை மறுபடி ஏற்றிக் கொடுக்கவும் காரணம் இல்லை. இதைப் பயனரின் தீர்ப்பு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாஸ் சோதிக்கப்படவே இல்லை.

கேரளத்தில் ஏறத்தாழ இதே மென்பொருள் எடுத்த பாதை வேறு. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அங்கே தொடங்கியபோது அதுவும் விண்டோஸை வைத்துத்தான் தொடங்கியது. ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அதே ஆண்டு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். படிப்படியாக மாற்றம் நடந்து, 2000-களின் பிற்பகுதிக்குள் பத்தாம் வகுப்பின் ஐ.டி. செய்முறைத் தேர்வு முழுவதும் லினக்ஸுக்கு வந்துவிட்டது. முதலில் டெபியன், பிறகு உபுண்டு. அதன் மேல் பள்ளிக்கு வேண்டிய கணித மென்பொருளான ஜியோஜீப்ரா போன்றவற்றையும் மலையாள எழுத்துருக்களையும் ஏற்றி ஒரே வட்டாக மாநிலம் முழுவதற்கும் கொடுத்தார்கள். வடகோடிக் காசர்கோட்டுப் பள்ளியில் தெரியும் திரைதான் தென்கோடிப் பாறசாலைப் பள்ளியிலும். பாடநூலில் அச்சான படமும் அதே திரை. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாஸ்டர் டிரெயினர்கள் என்ற பெயரில், ஆசிரியர்களிலிருந்தே எடுத்த பயிற்றுநர்கள். 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் சங்கம். பள்ளிக் கணினி மக்கர் செய்தால் முதலில் கைவைப்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.

இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் அந்தத் திட்டத்தை நடத்தும் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. கணினிகள் 2 லட்சத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். பள்ளிக் கணினியின் விலையே அதில் ஒரு சிறு பங்குதான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் சில்லறை விலையில் உரிமம் வாங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு போலிருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். மிச்சமான பணத்தைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. ஒரு மாநிலத்தின் சராசரி ஆசிரியர்கள், கணினி மோகம் ஏதுமில்லாதவர்கள், தினசரி லினக்ஸில் வேலை பார்க்கிறார்கள். அது லினக்ஸ் என்று பேசிக்கொண்டிருப்பதுகூட இல்லை. கர்நாடகத்திலும் இதன் சிறிய வடிவம் நடந்திருக்கிறது. பெங்களூரின் ஐ.டி. ஃபார் சேஞ்ச் அமைப்பு மாநிலக் கல்வித் துறையோடு சேர்ந்து அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு உபுண்டுவிலேயே பயிற்சி கொடுத்துக் கன்னடத்தில் பாடப் பொருள்களை உருவாக்க வைத்தது.

ஆக, எளிமை எங்கிருந்து வருகிறது? ஆண்ட்ராய்டைப் பாருங்கள். அதன் கருவும் லினக்ஸ்தான். கோபிநத்தத்தில் ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் லினக்ஸ் கருவின் மேல்தான் வாட்ஸாப் அனுப்புகிறார்கள். யாரும் அதை நிறுவவில்லை. கடையில் வாங்கும்போதே இருந்தது. மேசைக்கணினி லினக்ஸுக்கு அந்தக் கடை இல்லை. உலக அளவில் மேசைக்கணினிகளில் அதன் பங்கு 4 விழுக்காட்டைத் தாண்டியதே 2024 பிப்ரவரியில்தான் என்கிறது இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டாட்கவுன்டர். இதைத் தொழில்நுட்பத்தின் தோல்வி என்று மட்டும் படிப்பது தவறு.

இதற்காக லினக்ஸுக்கு முழு மதிப்பெண் போட முடியாது. பிரிண்டர் விஷயத்துக்கு வருவோம். என் கணிப்பில் நம் நாட்டில் லினக்ஸைக் கவிழ்ப்பதில் முதலிடம் அதற்குத்தான்.

திறமூல இயக்கத்தின் பிரசாரகராகவே அறியப்பட்ட எரிக் ரேமண்ட் 2004-இல் தன் வீட்டிலிருந்த பிரிண்டரை இன்னொரு கணினியிலிருந்து பயன்படுத்த முயன்று, திண்டாடி, கோபத்தில் ஒரு கட்டுரை எழுதினார். தனக்கே இந்தக் கதி என்றால் கணினி அறியாத ஓர் அத்தை எப்படிச் சமாளிப்பார் என்பதுதான் அதன் சாரம். அவர் வைத வசை வீண் போகவில்லை. இன்று வலையிணைப்புள்ள புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் ஏதுமின்றி லினக்ஸில் தாமாகவே தென்படுகின்றன. சில நேரம் விண்டோஸைவிடச் சுலபமாக.

நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் இருப்பது புதிய பிரிண்டர் அல்ல. கேனன் எல்.பி.பி. 2900 இருக்கும், அல்லது எச்.பி. லேசர்ஜெட் 1020. இருபதாண்டுப் பழைய வடிவமைப்பு, உழைக்கும், டோனர் மலிவு, எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். இவை விலை குறைந்ததற்கு ஒரு காரணம், பக்கத்தை வரையும் மூளை பிரிண்டருக்குள் இல்லை. அந்த வேலையைக் கணினி செய்து, நிறுவனத்தின் சொந்தப் பரிபாஷையில் அனுப்ப வேண்டும். எச்.பி. 1020-க்கு ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் அதன் உள்மென்பொருளையே கணினிதான் ஊட்ட வேண்டும். லினக்ஸில் அதற்குக் கூடுதல் செருகுநிரல் ஒன்றை இறக்க வேண்டும், அதன்பிறகு சிக்கலில்லை. எல்.பி.பி. 2900-க்கு நிறுவனமே லினக்ஸ் டிரைவர் வெளியிட்டிருக்கிறது. அதை நிறுவ, பழைய 32 பிட் நூலகங்களைத் தேடி, முனையத்தில் கட்டளைகளை வரிசை பிசகாமல் தட்ட வேண்டும். தட்டத் தெரிந்தவருக்கும் அரைநாள் போகும். திரை எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்? மாரியம்மன் நோட்டீஸ் தாளில் வரவில்லை.

அடுத்த தடை பழைய எழுத்துருக்கள். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக அறிவித்தது. அப்படியிருந்தும் அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் பாமினியும் ஸ்ரீலிபியும், அலுவலகங்களில் வானவில்லும் நெடுங்காலம் கோலோச்சின. கர்நாடக அலுவலகங்களில் அந்த இடம் நுடி எழுத்துருவுக்கு. இவை விண்டோஸை நம்பி வளர்ந்தவை. அத்தகைய ஒரு கோப்பை லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். திருத்த வேண்டுமென்றால் பழைய விசைப்பலகையும் வேண்டும். குற்றம் லினக்ஸின் மேல் இல்லை, ஆனால் வசவு அதற்குத்தான் விழும். டாலி கணக்கு மென்பொருளும் விண்டோஸுக்கே. வருமான வரித் துறை பல ஆண்டுகள் கொடுத்த மேக்ரோ நிரம்பிய படிவங்கள் எக்செலில் மட்டுமே ஓடின. கணக்கு எழுதிப் பிழைப்பவரிடமும் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை போடுபவரிடமும் போய் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி இத்தகைய தடைகளைப் பெரிய அளவில் அனுபவித்தது. ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி 2013-இல் முடித்தார்கள். 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப மன்றம் வாக்களித்தது. வெளியிலிருந்து வரும் கோப்புகளும் துறைசார் மென்பொருள்களும் ஒத்துழைக்காத எரிச்சல் ஒரு பக்கம், தலைமை மாற்றமும் அரசியலும் இன்னொரு பக்கம். இப்போது அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 கணினிகளோடு மறுபடி அதே பாதையில் இறங்கியிருக்கிறது, இம்முறை லிப்ரெஆஃபீஸையும் கோப்பு வடிவத்தையும் முதலில் மாற்றிவிட்டு.

இந்த விவாதத்துக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். 2011 முதல் சில ஆண்டுகள் அரசு கொடுத்த மடிக்கணினிகளால் அதை ஏற்க இயலாது. லினக்ஸ் மின்ட், சோரின் போன்ற வழங்கல்கள் இத்தகைய பழைய கணினி வைத்திருப்பவர்களைக் குறிவைத்தே வருகின்றன. சோரின் 18 வெளியானதே அந்த அக்டோபர் 14 அன்றுதான். விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட்டின் திரை முதல் நாளே பழகிவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: 2 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் இயங்குதளம் லேசாக ஓடினாலும் இணைய உலாவி திணறும். நினைவகத்தை 4 ஜி.பி.யாக்கி, வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் அது பள்ளி வேலைக்குத் தாங்கும். லினக்ஸ் பழைய கணினிக்கு உயிர் கொடுக்கும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்தச் செலவைச் சொல்வதில்லை.

உதவி கேட்க ஆளில்லை என்ற பிரச்சினையில் தமிழுக்குக் கிடைத்த ஆறுதல் சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களும், 2012 ஜனவரி முதல் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் இதழும். முனையக் கட்டளை முதல் நிரல்மொழி வரை தமிழில் படிக்க அங்கே பொருள் இருக்கிறது. எல்லாம் தேடிப் போகத் தெரிந்தவருக்கு. கோபிநத்தம் போன்ற ஊரில் அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அல்லது ஜெராக்ஸ் கடைக்காரர்.

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. அவற்றில் பாஸை மறுபடியும் இரண்டாவது வாசலாக வைத்துவிட்டு யாரும் நுழையவில்லை என்று சொல்வதற்கு, வைக்காமலே இருக்கலாம். வைப்பதென்றால் தானியங்கிப் புள்ளியோடு தமிழ் 99-ஐ முன்கூட்டியே அமைத்துக் கொடுங்கள், பாடநூலில் லிப்ரெஆஃபீஸ் என்று திருத்துங்கள், கல்லூரிக்கு இரண்டு ஆசிரியருக்காவது பயிற்சி கொடுங்கள், அரசு வாங்கும் பிரிண்டர்களுக்கு டிரைவர் இல்லாமல் இயங்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேருங்கள். இவற்றில் எதற்கும் புதிய மென்பொருள் எழுதத் தேவையில்லை.

வீட்டில் பழைய மடிக்கணினி சும்மா கிடந்தால், லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். நிறுவும் பட்டனை அழுத்துவதற்கு முன் உங்கள் பிரிண்டரை இணைத்து ஒரு பக்கம் தமிழில் அச்செடுங்கள். அது வந்துவிட்டால் தைரியமாக மேலே போகலாம்.